ரெண்டு இருபத்தெட்டு

— ரெண்டு இருபத்தெட்டா? நல்லா பாத்து சொல்லு ஈஸு. கட்ட வெரல லேட்டா அமுக்கிட்டியா இன்னா?

— இல்லக்கா. நீங்க கோட்டத் தாண்டின செகண்டுதான் அமுக்கினேன். ஒருவேள தாண்டுறதுக்கு முன்னயே அமுக்கிட்டேனோன்னு வேணா ஒரு சந்தேகம்.

— அய்யே, கீறதையும் மோசமாக்காத. யோவ், நீ சொல்லு. ஒன் செல்லுல எவ்ளோ?

— அதேதான் ஜெனி. ரெண்டு இருபத்தெட்டு. இந்தா தண்ணி. கடகடன்னு குடிக்காத. உக்காராத கண்ணு, நட.

— நடந்துக்கினுதானே கீறேன். ஈஸு, அந்த நோட்ட எடு. மொத வாரத்துலேந்து படி.

— முழுசாவாக்கா? வந்து... மொதல் ஞாயிறு, ரெண்டு நிமிஷம் இருபத்தெட்டு செகண்டு. ரெண்டாவது ஞாயிறு, ரெண்டு இருபத்தொம்பது. அன்னிக்கு எதிர்க்காத்துன்னு பக்கத்துல எழுதியிருக்கேன். மூணாவது, ரெண்டு இருபத்தெட்டு. நாலாவதும் அதே. அஞ்சாவது, இருபத்தொம்பது, ஆனா அன்னிக்கு நீங்க நைட் ஷிப்டு முடிச்சிட்டு நேரா வந்தீங்க. ஆறாவது...

— போதும் மூடு. ஏழு ஞாயித்துக்கெழம. பஸ்ஸுக்கு மேல எழுதி வச்ச நம்பரு மாரி மாறவே மாட்டேங்குது.

— அதுக்கு இன்னா இப்ப? நானூறு மீட்டருக்கு ரெண்டரை நிமிசம் டைம் குடுக்கறான். நீ ரெண்டு செகண்டு முன்னாடியே வந்து நிக்கிற. பாஸ்தானே?

— ரெண்டு செகண்டு இன்னாத்துக்கு ஆவும்? இங்க நான் ஒண்டியா ஓடறேன். வியாழக்கெழம அங்க ஒரு கும்பலே சேந்து ஓடும். முன்னாடி போறவ முட்டி இடிக்கும், பின்னாடி வர்றவ குதிகால மிதிப்பா. அதுலயே மூணு செகண்டு போயிடும்.

— போவாது.

— எப்டி சொல்ற?

— சொல்றேன். அவ்ளோதான். நீ போ, ஓடு, பாஸ் ஆவ.

— இவுரு பெரிய டிஐஜி. சொல்றாரு. யோவ், போலீசுக்கு எழுதற பரிச்சைய பாஸ் பண்ணவ நான். பேக்கிங்ல நின்னுக்கினே கேள்வி பதில மனப்பாடம் பண்ணவ. ஓட்டத்துல போய் கோட்ட வுடணுமா? அடுத்த வாட்டி கூப்புடும்போது எனக்கு வயசு தாண்டிடும். இதான் கடைசி.

— கடைசின்னா போய்த்தானே ஆவணும்? போவாம ஊட்ல உக்காந்துக்கினா மட்டும் பாஸ் போட்டுருவானா?

— போய் தோத்துட்டு வர்றதுக்கு போவாமலே இருக்கலாம். ஈஸு, மணி எவ்ளோ?

— ஏழு பத்துக்கா.

— எட்டுக்குள்ள குப்புராஜுக்கு போன் பண்ணணும்.

— லேபர் சூப்பர்வைசரா? எதுக்குக்கா?

— ஒனக்கு லேப்ல பர்மனென்டு, லீவு கேட்டா குடுத்துருவாங்க. நாங்க கான்ட்ராக்டு. வியாழக்கெழம பேக்கிங்ல ஒருத்திக்குத்தான் லீவாம். எனக்கும் வேணும், அஞ்சம்மாளுக்கும் வேணும். அவ பேத்திக்கு காது குத்தறா. எட்டு மணிக்குள்ள நான் வேணும்னு சொன்னா எனக்கு, வேணாம்னு சொன்னா அவுளுக்கு.

— வேணும்னு சொல்லு.

— பாவம்யா அந்தம்மா. நாலு வாட்டி வந்து நின்னுச்சு. நான் போய் ஒண்ணியும் கிழிக்கப் போறதில்லன்னா அதோட லீவ எதுக்கு புடுங்கணும்?

— ஜெனி. அஞ்சம்மாள் பேத்திக்கு ஞாயித்துக்கெழம காது குத்துனா காது குத்திக்காதா?

— சிரிக்க வைக்காத. எனக்கு மூச்சு வாங்குது.

— சரி, ஊட்டுக்கு போவலாம். நாஷ்டா துன்னுட்டு பேசலாம். ஈஸ்வரி, நீயும் வா. இட்லி மாவு கீது.

— அண்ணா, வந்து... ஒரு நிமிஷம். எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு நாளா சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

— ஒன் சந்தேகத்த நாஷ்டா துன்னுக்கினே கேக்கலாம்மா.

— இரு யா. சொல்லு ஈஸு.

— தப்பா இருந்தா தப்புன்னு சொல்லிடுங்க. இந்த வட்டம் நானூறு மீட்டர்தானா?

— இன்னா கேள்வி இது? நீதானே கணக்கு போட்டு குடுத்த?

— கணக்கு போட்டேன். சுத்தளவு நானூறு வரணும்னா நடுவுலேந்து கோடு வரைக்கும் அறுவத்திமூணு மீட்டர் அறுவத்தாறு சென்டிமீட்டர் இருக்கணும். அது சரி. பத்து தடவ போட்டுப் பாத்தேன். சந்தேகம் அதுல இல்ல. நடுக்கம்பில கட்டி வட்டம் போட்டோமே, அந்தக் கயித்துல.

— கயிறு நல்ல கயிறும்மா. நைலான்.

— கயித்த எப்டி அளந்தோம்னு ஞாபகம் இருக்காண்ணா? நம்மகிட்ட அன்னிக்கு பெரிய டேப் இல்ல. அஞ்சு மீட்டர் டேப்தான் இருந்துச்சு. நீங்க சொன்னீங்க, எதுக்கு டேப்பு, ஷெட்டுலயே அளந்துக்கலாம், ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் ஆறு மீட்டர்னு.

— ஆமா. கம்பெனி கட்டுனப்போலேந்து அப்டித்தான். நாங்கல்லாம் அத்த வச்சுதான் பேசுவோம். பைப்ப மூணு பே தள்ளி எறக்குன்னா மூணு தூண் எடவெளி, பதினெட்டு மீட்டரு. கிரேன்ல குந்திக்கினு எவன் டேப் புடிப்பான்?

— அதான். பத்து பே அளந்தா அறுவது மீட்டர். மிச்சம் மூணு அறுவத்தாற சின்ன டேப்புல சேத்துக்கலாம்னு பேசினோம். நான் நோட்ல அப்பவே எழுதி வச்சிருக்கேன். படிக்கவா?

— படி படி. இன்னா எழுதி வச்சிருக்க?

— "தூண் ஒண்ணுல கயித்து முனைய நான் புடிச்சேன். அண்ணா தூண் பத்துக்குப் போய் இழுத்துப் புடிச்சார். தூண் பத்துலேந்து மூணு மீட்டர் அறுவத்தாறு சேத்து முடிச்சு போட்டார்." இவ்ளோதான்க்கா.

— சரியாத்தானே கீது? பத்து தூண்.

— பத்து தூண்தான். ஆனா பத்து பே இல்லக்கா. போன வாரம் ஈவினிங் கிளாஸ்ல சர்வே சார் கேட்டாரு, ரோட்டுல வரிசையா பத்து கம்பம் நிக்குது, நடுவுல எத்தன எடவெளின்னு. நான்தான் மொதல்ல கை தூக்கி பத்துன்னு சொன்னேன். மொத்த கிளாஸும் சிரிச்சுது. ஒம்பதுதான். பத்து வெரல விரிச்சுப் பாத்தா நடுவுல ஒம்பது சந்துதானே இருக்கும். ரூமுக்கு வந்து நோட்டப் பொரட்டும்போது இந்தப் பக்கம் கண்ணுல பட்டுச்சு. பகீர்னு ஆயிடுச்சு. ஒண்ணாம் தூண்லேந்து பத்தாம் தூண் வரைக்கும் ஒம்பது பே. அம்பத்திநாலு மீட்டர். நம்ம கயிறு ஒரு பே கம்மி.

— இரு இரு. ஒரு பேன்னா ஆறு மீட்டரு. கயிறு ஆறு மீட்டரு கம்மியா?

— ஆமாக்கா. என் தப்புதான். அங்கயே நின்னுட்டு இருந்தேன், எண்ணிப் பாக்கல.

— ஒன் தப்பு ஒண்ணியும் இல்ல ஈஸ்வரி. அழாத.

— அழலண்ணா. மூக்கு ஒழுகுது.

— யோவ். பதினோரு வருசமா தூண எண்ணி எண்ணித்தானே கிரேன் ஓட்ற? ஒனக்குமா தெரியல?

— தெரியல போல. வுடு ஜெனி. ஆறு மீட்டருதானே? இம்மாம் பெரிய ரவுண்டு. இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் கீற ஆளு மூஞ்சி தெரிய மாட்டேங்குது. இதுல போய் ஆறு மீட்டரு எந்த மூலைக்கு?

— நானும் அதான் நெனச்சேன். ஆறு மீட்டருன்னா ரெண்டு தாவு. ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு. அப்டித்தானே ஈஸு?

— இல்லக்கா. ஆறு மீட்டர் கம்மியானது நடுவுலேந்து கோட்டுக்கு. நீங்க ஓடறது அந்த வழியில்ல, கோட்டு மேல சுத்தி. நடுவுலேந்து ஒரு மீட்டர் தள்ளிப் போனா, சுத்தறதுல ஆறு மீட்டருக்கும் கொஞ்சம் மேல ஏறும். ஒரு மீட்டர் உள்ள வந்தா அதே அளவு கொறையும்.

— ஒண்ணுக்கு ஆறா?

— ஆறு புள்ளி ரெண்டு எட்டு.

— அதெல்லாம் சின்ன ரவுண்டுக்கு இருக்கும்மா. வளையலு, சக்கரம், அந்த மாரி. ரவுண்டு பெருசாவ பெருசாவ அது அப்டி கணக்கு வராது.

— பெருசானாலும் அதேதாண்ணா. எனக்கும் மொதல்ல நம்பிக்க வரல. அதனால ரூம்ல தட்டு, பக்கெட்டு, சிலிண்டர் எல்லாத்துக்கும் நூல் சுத்திப் பாத்தேன். ஹவுஸ் ஓனரம்மா என்னமோ செய்வினை வைக்கிறேன்னு நெனச்சிட்டாங்க.

— அய்யே, நூலு கீலெல்லாம் எனக்கு வேணாம். இப்ப இங்கயே காட்டு.

— சரி. அதோ ஆட்டுக்காரங்க தண்ணி ஊத்தி வச்சிருக்காங்களே நீல டிரம்மு, அத ஒட்டினாப்ல ஒரு சுத்து நடங்க. எத்தன அடின்னு எண்ணுங்க.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு எட்டுல வந்துட்டேன்.

— இப்ப டிரம்மவுட்டு ஒரே ஒரு எட்டு தள்ளி நின்னு சுத்துங்க. அதே மாதிரி எட்டு வைங்க.

— ஒண்ணு, ரெண்டு... எட்டு, ஒம்பது, பத்து. பத்து.

— நாலு பத்தாச்சு. ஆறு ஏறுச்சு. இப்ப அந்த மோட்டார் கெணறு. செவத்த ஒட்டி சுத்துங்க. பாத்து, அந்தப் பக்கம் கண்ணாடி கெடக்குது.

— இவ நம்மள ஓடவுட்டு டைம் எடுத்தது பத்தாதுன்னு இப்ப கெணத்த சுத்த வுட்றா. ஒண்ணு, ரெண்டு, மூணு...

— ஈஸ்வரி, இத்த இப்ப அவுளுக்கு காட்டித்தான் ஆவணுமா? நாலு நாள்ல ஓடணும் அவ.

— தெரியாம போய் அங்க நின்னா இன்னும் கஷ்டம் இல்லையாண்ணா? நான் ரெண்டு ராத்திரி யோசிச்சேன். சொன்னது தப்போ?

— தப்பில்லம்மா. வுடு.

— பதினேழு! ஒட்டி சுத்துனா பதினேழு.

— இப்ப ஒரு எட்டு தள்ளிக்கா!

— ...இருவது, இருவத்தொண்ணு, இருவத்திரெண்டு, இருவத்திமூணு. அட. இதுக்கும் ஆறு! டிரம்மு எம்மாம், கெணறு எம்மாம். ரெண்டுக்கும் அதே ஆறா?

— அதேதான். இந்த ஏரியையே சுத்தினாலும், ஒரு எட்டு தள்ளிப் போனா ஆறு எட்டுதான் கூட வரும். பெருசா இருக்கறதால கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது.

— அப்ப நம்ம கயிறு ஆறு மீட்டரு கம்மின்னா, ஓட்டம் ஆறு ஆறு...

— முப்பத்தேழு புள்ளி ஆறு எட்டு மீட்டர் கம்மிக்கா. நானூறு இல்ல. முன்னூத்தி அறுவத்திரெண்டு.

— முப்பத்தேழா. அது இங்கேந்து அந்த வேலிகாத்தான் மரம் வரைக்கும் வருமே.

— வரும்.

— அப்ப நெசமான நானூறுக்கு எனக்கு எவ்ளோ ஆவும்? போட்டு வச்சிருப்பியே. நோட்ட மறைக்காத.

— வந்து... இதே வேகத்துல ஓடினா நூத்தி அறுவத்திமூணு செகண்டு. ரெண்டு நிமிஷம் நாப்பத்திமூணு. கணக்கு தப்பா இருக்கலாம்க்கா. வேற யார்கிட்டயாவது கொடுத்துப் பாக்கலாம்.

— பொன்னேரி கிரவுண்டுல மொத நாளு எல்லாரோடவும் ஓடிப் பாத்தப்ப எவ்ளோ?

— ரெண்டு நாப்பத்திநாலு.

— ஒரு செகண்டு. ஏழு வாரத்துல ஒரே ஒரு செகண்டு.

— ஜெனி...

— நான் அப்பவே நெனச்சேன்யா. பொன்னேரி கிரவுண்டுல ரெண்டு நாப்பத்திநாலு. ஒரே வாரம் கழிச்சு இங்க வந்து ஓடுனா ரெண்டு இருபத்தெட்டு. எங்கேந்து வந்துச்சு பதினாறு செகண்டு? நீ இன்னா சொன்ன? அன்னிக்கு வவுத்து வலி, இன்னிக்கு புது ஷூ, அதான்னு சொன்ன. நானும் நம்பிக்கினு ஊட்டுக்கு போய் பாப்பாவ தூக்கி சுத்துனேன்.

— சுத்துன. ஞாபகம் கீது. அன்னிக்கு நைட்டு ரெண்டு தட்டு சோறு துன்ன.

— அந்த நம்பர வச்சிக்கினுதான் தெனம் எந்திரிச்சேன். ஷிப்டு முடிஞ்சு கால் வலியோட ஏரிக்கரை மேல ஓடுனேன். ரெண்டு இருபத்தெட்டு, இன்னும் கொஞ்சம் கொறைக்கணும், இன்னும் கொஞ்சம்னு. எல்லாம் பொய்யி.

— பொய்யில்ல கண்ணு.

— பின்ன இன்னா? ஈஸு, ஒன் பையில அந்த பெரிய டேப்பு கீதா?

— கிளாஸ் டேப்பு இருக்குக்கா. முப்பது மீட்டர். அளக்கறதுக்குன்னுதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். நாளைக்கு திருப்பிக் குடுக்கணும்.

— எடு. அளந்துரலாம்.

— எதுக்கு இப்ப அத்த அளந்துக்கினு? வெயில் ஏறுது. அளந்து மட்டும் இன்னா ஆவப் போவுது?

— யோவ், ஒனக்கு ஏன் இவ்ளோ பேஜாரு? குப்புராஜுகிட்ட பேசறதுக்கு முன்ன எனக்கு கண்ணால பாக்கணும். தோத்தாலும் தெரிஞ்சு தோத்துக்கறேன். நடுவுல வா.

— வர்றேன்.

— அக்கா, டேப்பு வளையத்த நடுக்கம்பில மாட்டிப் புடிச்சுக்கோங்க. கம்பிக்கு நட்ட நடுவுல. ஆங். தொய்வு இல்லாம. நான் கோட்டுப் பக்கம் போறேன்.

— போ. முப்பது வந்ததும் அங்க கழட்டிப் போட்ட என் செருப்ப வச்சு அடையாளம் பண்ணு. கல்லு வச்சா ஒனக்கு எந்தக் கல்லுன்னு சந்தேகம் வந்துரும்.

— சரிக்கா!

— ஜெனி. அவ போவட்டும். நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காம கேளு.

— தூணு எண்ணத் தெரியாத ஆளுமேல கோச்சிக்கினு இன்னா பண்றது? எனக்கு ஒன்மேல கோவம் இல்லய்யா. காலைல அஞ்சரைக்கே எந்திரிச்சு வந்து, மாடு மிதிச்சு அழிச்ச கோட்ட வாராவாரம் நீயே சுண்ணாம்பு போட்ட. எந்தப் புருசன் பண்ணுவான்?

— அதான், அந்தக் கோட்டப் பத்தித்தான்...

— எனக்கு அன்னிக்கு பொன்னேரில நடந்ததுதான் திரும்பத் திரும்ப வருது. எல்லாரும் முடிச்சிட்டாளுங்க. நான் ஒண்டி கடைசில வர்றேன். ஓரத்துல நின்ன பசங்க கைதட்டுனானுங்க. கிண்டலுக்கு தட்டியிருந்தாக் கூட பரவால்ல. பாவம்னு தட்டுனானுங்க. "வாங்கக்கா, வாங்கக்கா"ன்னு. என்னிய பாத்து எவனும் பாவப்படக் கூடாதுய்யா. சாவலாம் போல இருந்துச்சு.

— தெரியும். அன்னிக்கு ட்ரெய்ன்ல மீஞ்சூர் தாண்டற வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கினு வந்த. இனிமே ஓடவே மாட்டேன்னு சொன்ன.

— அதுக்கப்பறம் இங்க ரெண்டு இருபத்தெட்டு வந்ததாலதான் ஓடுனேன். சரி, இன்னா சொல்ல வந்த?

— ஒண்ணியும் இல்ல. அப்பறம் சொல்றேன்.

— அக்கா! முப்பது! செருப்பு வச்சிட்டேன். வளையத்த எடுத்துட்டு செருப்புக்கு வாங்க! செருப்போட முன்பக்கம்தான் முப்பது, குதிகால் இல்ல!

— வந்துட்டேன். புடிச்சிக்கினேன். இழு!

— இழுக்கறேன்! ...அறுவது! மறுபடியும் முன்னாடி வாங்க!

— இன்னும் கோடு வரலையா?

— அதாங்க்கா எனக்கும் புரியல. அம்பத்தேழு மீட்டர்லயே கோடு வந்திருக்கணும். இங்க கோட்டையே காணோம். இன்னும் தள்ளி இருக்கு. புடிங்க. மூணு... மூணு முப்பது... மூணு அறுவது... மூணு அறுவத்தாறு. அக்கா.

— இன்னா?

— கோட்டு மேல நிக்கிறேன்.

— எவ்ளோ மொத்தம்?

— அறுவத்திமூணு அறுவத்தாறு. சரியா இருக்கு. முழு நானூறு.

— கம்மி இல்லையா?

— இல்ல. நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். டேப்பு முறுக்கிக்கிச்சோ? வேற பக்கம் ஒரு தடவ அளக்கலாம்க்கா. கெணத்துப் பக்கம்.

— அளந்துரு. மணி ஏழரை. சீக்கிரம்.

— முப்பது... அறுவது... மூணு அறுவத்தஞ்சு. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். இதுவும் முழு வட்டம்தான்.

— அடிப் பாவி. ஒரு நிமிசத்துல என் உசுர எடுத்துட்டியே. நாப்பத்திமூணுன்ன, முன்னூத்தி அறுவத்திரெண்டுன்ன.

— மன்னிச்சிருங்கக்கா. ஒருவேள நைலான் கயிறு இழுத்து இழுத்து நீண்டிருக்குமோ? ஆனா ஆறு மீட்டர் நீளுமா? இல்ல நான் நோட்ல தூண் நம்பர தப்பா எழுதியிருப்பேன். பதினொண்ணுக்கு பதிலா பத்துன்னு. அப்டித்தான் இருக்கும். நான் எழுதறத நானே நம்ப முடியல.

— வுடு, நல்லதாச்சு. அப்ப ரெண்டு இருபத்தெட்டு நெசம்.

— நெசம்தாங்க்கா.

— பாத்தியா ஜெனி? நான் சொன்னேன்ல, பாஸுன்னு. வா போவலாம்.

— இரு. நெசம்தான். ஆனா மொத வாரமும் ரெண்டு இருபத்தெட்டு, ஏழாவது வாரமும் ரெண்டு இருபத்தெட்டு. ஒரு செகண்டு கூட ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. என் ஒடம்பு அவ்ளோதான்யா. அது வந்து நின்னுடுச்சு. இதுக்கு மேல வராது.

— நின்னுடல ஜெனி.

— நம்பரு சொல்லுதே. ஏழு வாரம் ஓடியும் அசையாதவ, வியாழக்கெழம அந்த கும்பல்ல, அந்த பயத்துல, எங்கேந்து வேகத்த எடுப்பேன்? ரெண்டு முப்பத்தொண்ணுதான் வரும். அதோ, மறுபடியும் எவனாவது கைதட்டுவான். வேணாம். ஏழு வாரம் முன்ன எங்க இருந்தேனோ அங்கதான் கீறேன். அஞ்சம்மாளாச்சும் நிம்மதியா காது குத்தட்டும்.

— அக்கா, எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. கொஞ்சம் யோசிங்க.

— யோசிச்சுட்டேன். அந்த செல்ல குடு. யோவ், குடுன்றேன்ல.

— குடுக்கறேன். அதுக்கு முன்ன ஒண்ணு கேளு. நான் பாவம் பாத்து பண்ணேன்னு நெனைக்க மாட்டல்ல?

— இன்னாத்த பண்ண? இட்லி மாவு அரைச்சதையா? குடு யா இங்க. ...ஆங், ரிங்கு போவுது.

— ஜெனி, போன வை.

— ஷ்ஷ். எடுத்துட்டாரு. அலோ, குப்புராஜண்ணா? நான் பேக்கிங் ஜெனிபர் பேசறேன். அந்த வியாழக்கெழம லீவு சொன்னீங்களே, அது எனக்கு...

— வேணும்னு சொல்லு ஜெனி. மொத ஞாயித்துக்கெழம நான் தெரிஞ்சேதான் ஒரு பே கம்மியா கயிறு கட்டுனேன். அப்பறம் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீ வர்றதுக்கு முன்ன கயித்த ஒரு மீட்டரு நீளமாக்கி கோடு போட்டுக்கினே வந்தேன், ரவுண்டு பெருசாயும் நீ அத்தினி வாட்டியும் அதே ரெண்டு இருபத்தெட்டுலயே வந்து நின்ன.